யாரை விசாரிக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்?

2024 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்சிசி முகாம் நடந்தது. பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் அப்படித்தான் சொன்னார்கள். முகாமுக்கு வந்த மாணவிகள் இரவில் பள்ளிக் கலையரங்கத்திலேயே தங்கினார்கள். அங்கே ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். வேறு பல மாணவிகளும் துன்புறுத்தப்பட்டது பிறகு வெளியே வந்தது. பிள்ளைகள் சொன்ன பிறகும் விஷயத்தைப் போலீசுக்குக் கொண்டுபோகாமல் மறைத்ததாகப் பள்ளியின் முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். முதன்மைக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் கைதான சில நாள்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது.

இதில் நெஞ்சை அறுக்கும் தகவல் ஒன்று உண்டு. முகாம் நடத்தியவர்களுக்கும் தேசிய மாணவர் படைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அந்த அமைப்பே விளக்கம் கொடுத்தது. அந்தப் பள்ளியில் என்சிசி பிரிவே கிடையாது. யாரோ வந்தார், முகாம் நடத்துகிறேன் என்றார், சரி என்றார்கள். பிள்ளைகளை ராத்திரியும் அவர் பொறுப்பில் விட்டார்கள்.

குற்றப் பின்னணிச் சோதனை என்ற பெரிய ஏற்பாடு எதுவும் இங்கே தேவைப்பட்டிருக்காது. சம்பந்தப்பட்ட என்சிசி பட்டாலியன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். அந்த ஒரு போனைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? வந்தவர் சம்பளத்துக்கு வந்த ஊழியர் இல்லை. வெளியாள், சேவை செய்ய வந்தவர். சேவை செய்ய வருகிறவரிடம் காகிதம் கேட்பது நம் ஊரில் மரியாதைக் குறைவு.

ஏட்டு வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு

இப்போது இதே மாநிலத்தின் இன்னொரு வாசலுக்கு வாருங்கள். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு. எழுத்துத் தேர்வு முடிந்தது. ஓட்டம், கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் முடிந்தது. மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. பட்டியலில் பெயர் வந்து, வீட்டில் கேசரி கிளறிக் கொடுத்தாகிவிட்டது. பாக்கி ஒன்றுதான்: நன்னடத்தையும் முன்வரலாறும் சரிபார்த்தல்.

அரசு வேலைகளுக்கான சரிபார்ப்புப் படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் கடுமை தெரியும். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, உங்கள் மீது வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, நன்னடத்தைக்குப் பிணை எழுதிக் கொடுத்தீர்களா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா, தண்டனை விதித்ததா, இப்போது ஏதாவது வழக்கு நிலுவையில் உள்ளதா என்று வரிசையாகக் கேள்விகள். பொய் சொன்னாலும் மறைத்தாலும் தகுதி இழப்பு என்ற எச்சரிக்கை படிவத்திலேயே அச்சாகியிருக்கும். அதன் பிறகு ஏட்டு ஊருக்கு வருவார். டீக்கடையில் விசாரிப்பார், எதிர் வீட்டில் விசாரிப்பார். ஸ்டேஷன் பதிவேட்டில் பெயரைத் தேடுவார்கள்.

தேடினால் என்ன கிடைக்கும்? கிராமத்து ஸ்டேஷன்களில் அடிக்கடி கிடைப்பது ஒரு திருவிழாச் சண்டை. சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது, யார் மைக் செட்டில் எந்தப் பாட்டுப் போடுவது என்று ஆரம்பித்துக் கைகலப்பில் முடிந்திருக்கும். இரண்டு தரப்பும் ஸ்டேஷனுக்குப் போகும். ஒரு புகார், ஒரு எதிர்ப்புகார். எழுதிக் கொடுக்கும்போது எதிர்த் தரப்பில் படித்துக்கொண்டிருக்கும் பையன் பெயரையும் சேர்த்து எழுதுவது ஊரறிந்த தந்திரம். அவன் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே சேர்ப்பார்கள்.

ஸ்டேஷன் வாசலில் நாலு நாள் நின்ற யாரைக் கேட்டாலும் அந்தப் பிரிவுகளை ஒப்பிப்பார்கள்: 294(பி), 323, 506. பொது இடத்தில் கெட்ட வார்த்தை பேசியது, கையால் அடித்துக் காயப்படுத்தியது, மிரட்டியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு இவை 296(பி), 115(2), 351 ஆகிவிட்டன. எண் மாறியதே தவிர எஃப்.ஐ.ஆரின் நடை மாறவில்லை.

இங்கேதான் ஒரு சட்டச் சிக்கல் பிள்ளைகளின் கழுத்தைப் பிடிக்கிறது. ஆறு மாதத்தில் இரண்டு குடும்பமும் சமாதானம் ஆகிவிடும். ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருத்தர் மொய் எழுதிவிடுவார். கையால் அடித்த குற்றத்தைச் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. சமரசமானால் அது விடுதலைக்குச் சமம். ஆனால் கெட்ட வார்த்தை பேசிய 294(பி), சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. அடித்ததை மன்னிக்கலாம், திட்டியதை மன்னிக்க முடியாது! உயர் நீதிமன்றம் போய் வழக்கை ரத்து செய்யலாம்தான். அதற்கு வக்கீல் செலவு வேண்டும். ஆகவே ஊரில் கண்டுபிடித்த வழி, புகார் கொடுத்தவரே கூண்டில் ஏறி, ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லிவிடுவது. அவர் பிறழ் சாட்சி ஆவார். சந்தேகத்தின் பலனை அளித்து நீதிபதி விடுதலை செய்வார். வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த நிம்மதி வேலைக்கான சரிபார்ப்பு வரைக்கும்தான். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி)-யின் விளக்கக் குறிப்பு ஒன்று இருக்கிறது. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ் சாட்சியானதாலோ விடுதலையானவரைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருத வேண்டும் என்கிறது அது. கௌரவமாக விடுதலையானவருக்கும், பொருண்மைப் பிழை என்று வழக்கு முடிக்கப்பட்டவருக்கும் மட்டும் விலக்கு உண்டு. சரிபார்க்கும் நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து பிறகு இப்படி முடிந்தால், அவர் அடுத்த தேர்வில் மறுபடி கலந்துகொண்டுதான் உரிமை கோரலாம். அடுத்த தேர்வு வருவதற்குள் வயது ஏறிவிட்டால் போச்சு.

காவல் துறைக்கு ஆள் எடுக்கும்போது கண்டிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. துப்பாக்கியும் லத்தியும் கையில் வாங்கப் போகிறவர் யார் என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஊர்ச் சண்டையில் பெயர் சேர்க்கப்பட்ட பையனை இத்தனை கண்ணிகளில் சல்லடை போடும் சமூகம், பெண்பிள்ளைகளோடு இரவு தங்க வந்தவரிடம் ஒரு அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை. இந்தத் தலைகீழ்தான் இந்தக் கட்டுரையின் கவலை.

நீதிமன்றங்கள் சொன்னது

உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் நெடுநாள் திணறியிருக்கிறது. டில்லி போலீசில் தலைமைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர், தன் மேல் இருந்த பழைய அடிதடி வழக்கைப் படிவத்தில் எழுதவில்லை. 2011-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதிய நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, இளம் வயதில் பிள்ளைகள் தவறு செய்வது இயல்பு, அதற்காக வாழ்நாள் முழுக்க முத்திரை குத்தக் கூடாது என்றார். ரொட்டி திருடியதற்காகக் காலமெல்லாம் திருடன் என்று பெயர் சுமந்த, விக்டர் ஹியூகோ நாவலின் ழான் வால்ழானைத் தீர்ப்பிலேயே நினைவுபடுத்தினார். 2013-ல் வேறொரு அமர்வு கடுமையாக நின்றது. விடுதலையானதாலேயே போலீஸ் வேலைக்கு உரிமை வந்துவிடாது, எப்படி விடுதலையானார் என்று பார்க்கலாம் என்றது.

இந்த இழுபறியைத் தீர்க்க 2016 ஜூலை 21 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு வழிகாட்டுதல் கொடுத்தது. விண்ணப்பதாரர் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் வேலை தருபவர் ஆராய்ந்து முடிவெடுக்கலாம். ஆனால் இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்காக இருந்தால், மறைத்திருந்தாலும் மன்னிக்கலாம். வேலையின் தன்மை என்ன, குற்றத்தின் தன்மை என்ன என்று பொருத்திப் பார்க்க வேண்டும். இயந்திரம் மாதிரி நிராகரிக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் நீதிபதி கே.வி. விஸ்வநாதன் எழுதிய தீர்ப்பும் இதே தடத்தில் போகிறது. உத்தரப் பிரதேசத்தில் காவலர் வேலைக்குத் தேர்வாகி, விடுதலையான வழக்கொன்றைச் சொல்லாமல் விட்டதால் வேலை இழந்தவரைப் பணியில் சேர்க்க அது உத்தரவிட்டது. எல்லாரையும் ஒரே தூரிகையால் பூச முடியாது என்பதுதான் அதன் சாரம்.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பின் பலனைப் பெற அந்தப் பையன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் கோப்பைப் புரட்டும் அலுவலர் மேசையிலேயே அது நடந்திருக்க வேண்டும்.

போராட்டக்காரர்களின் கதை இன்னும் வலிக்கிறது. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக நின்றவர்கள் மீது போடப்பட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கும்படி 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதற்குப் பிறகும் இடிந்தகரைப் பக்கத்துப் பிள்ளைகள் பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் அலைந்தார்கள். தூத்துக்குடியில் 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வழக்குகளில் சிக்கியவர்களுக்கும் இதே கதிதான். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை வந்த பிறகு, 2021 மே மாதம் தமிழக அரசு பெரும்பாலான வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அவர்களின் மேற்படிப்புக்கும் வேலைவாய்ப்புக்கும் தடையில்லாச் சான்று தரவும் உத்தரவிட்டது. கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போட்ட வழக்குகள் மட்டும் சுமார் 10 லட்சம். அவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. காய்கறி வாங்கப் போனவர் பெயரும் இந்த 10 லட்சத்தில் இருக்கும். இப்படிப்பட்ட பதிவேட்டை வைத்துக்கொண்டு ‘இவர் மேல் எஃப்.ஐ.ஆர் இருக்கிறது’ என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்?

சான்று எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

தமிழ்நாடு காவல் துறை இணையம் வழியாகவே சரிபார்ப்புச் சேவை தருகிறது. உங்களைப் பற்றி நீங்களே சான்று வாங்கலாம். வேலைக்கு எடுப்பவரையும், வீட்டு வேலைக்கு வருபவரையும், வாடகைக்கு வருபவரையும் சரிபார்க்கச் சொல்லலாம். நல்ல வசதி. பயன்படுத்துகிறவர்கள் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் காவல் நிலையப் பதிவுகளோடு ஒப்பிட்டுத் தருகிற சான்று அது. வேறு மாநிலத்தில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவரைப் பற்றி அது முழுக் கதையைச் சொல்லாது.

2014 டிசம்பர் 5 இரவு டில்லியில் ஊபர் காரில் வீடு திரும்பிய இளம்பெண் ஓட்டுநரால் வன்கொடுமைக்கு ஆளான வழக்கு நினைவிருக்கும். அந்த ஓட்டுநர் 2011-லேயே வன்கொடுமை வழக்கில் கைதாகி மாதக்கணக்கில் திகாரில் இருந்து விடுதலையானவர். அவரிடம் டில்லி போலீசின் நன்னடத்தைச் சான்று இருந்தது. அது போலி என்று டில்லி போலீஸ் பிறகு சொன்னது. சான்று இருக்கிறதா என்று பார்த்தார்கள், சான்று உண்மையா என்று பார்க்கவில்லை. கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் நம்பிவிடும் பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. வேலைக்கு வருகிறவரே கொண்டுவந்து நீட்டும் காகிதம், சோதனை ஆகாது. கொடுத்த அலுவலகத்திடம் நேரடியாகக் கேட்டு வாங்குவதுதான் சோதனை.

உண்மையான சான்றும் பல சமயம் கைவிடும். 2021 மே மாதம் சென்னையில் பேர்பெற்ற பள்ளி ஒன்றின் ஆசிரியர் மேல் முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் புகார்களைக் கொட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த தொல்லை. அதற்கு முந்தைய நாள் அவருக்குப் போலீஸ் சான்று கேட்டிருந்தால் சுத்தமாக வந்திருக்கும். ஏனென்றால் யாரும் ஸ்டேஷன் படி ஏறவில்லை. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களில் பெரும்பாலானவை பழகியவர்களால் நடப்பவை, வெளியே வராதவை. ஆகவே ‘வழக்கு எதுவும் இல்லை’ என்பதற்கு ‘இதுவரை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை’ என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். பழைய பள்ளியில் ஏன் விலகினார் என்று அந்தத் தலைமை ஆசிரியரிடம் பேசிக் கேட்பது பல சமயம் போலீஸ் சான்றைவிட அதிகம் சொல்லும். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதி வழியனுப்பிவிடும் பள்ளிகள், அடுத்த ஊர்ப் பிள்ளைகளைப் பலி கொடுக்கின்றன. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

இங்கிலாந்து இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2002 ஆகஸ்டில் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் உள்ளூர்ப் பள்ளியின் பராமரிப்பாளர். முன்பு இருந்த ஊரில் அவர் மேல் பல பாலியல் புகார்கள் வந்திருந்தன. தண்டனை எதுவும் இல்லை. அவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு பெயரில் மட்டும்தான் தேடினார்கள். பழைய ஊர் போலீசின் தகவல் புது ஊர் போலீசுக்கு வரவே இல்லை. சர் மைக்கேல் பிச்சார்ட் நடத்திய விசாரணையின் அறிக்கை 2004-ல் வந்தது. 2006-ல் புதுச் சட்டம் வந்தது. இன்று டிபிஎஸ் என்று அங்குள்ள நம் ஆட்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் பின்னணிச் சோதனை அமைப்பு 2012-ல் உருவானது.

லண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கப் போகும் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள். டிபிஎஸ் ஆயிற்றா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். தன்னார்வலர் என்றால் கட்டணம் கிடையாது, சோதனைக்கு விலக்கும் கிடையாது. தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தே குழந்தைகள் பக்கத்தில் வேலைக்கு வைத்தால் வைத்தவருக்கும் தண்டனை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே போன்ற ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஒருமுறை பார்த்துவிட்டு விடுவதில்லை, அட்டை வாங்கிய பிறகு புதுக் குற்றம் பதிவானாலும் அது கவனத்துக்கு வரும். அங்கே போன நம் உறவுகள் யாரும் இதை அவமானமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதே இங்கிலாந்து மறுபக்கத்தையும் மறக்கவில்லை. சின்னக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால் அது காலாவதியானதாகக் கருதப்படும் என்ற சட்டம் 1974-லேயே வந்தது. பிள்ளை வயதில் போலீஸ் கொடுத்த எச்சரிக்கைகள் சோதனைச் சான்றில் தானாக இடம்பெறுவதை 2020 நவம்பரில் நிறுத்தினார்கள். குழந்தைகளோடு வேலை என்றால் ஆழமான சோதனை, கடைக்கணக்கு எழுதும் வேலை என்றால் மேலோட்டமான சோதனை. வேலைக்குத் தக்கபடி அளவு மாறுகிறது.

ஓஎம்ஆரில் ஒரு பெயர்

தனியார் துறையில் இந்தச் சோதனைக்குப் பெயர் பிஜிவி (பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்). சென்னை ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரிந்த மூன்றெழுத்து. நிறுவனம் ஒரு ஏஜென்சியிடம் கொடுக்கும். ஏஜென்சி படிப்பு, பழைய வேலை, முகவரி பார்க்கும். நீதிமன்ற இணையப் பதிவுகளில் பெயரைப் போட்டுத் தேடும்.

தேடுகிறவர்களுக்குத் தமிழ்ப் பெயர் ஒரு சோதனை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கல்விச் சான்றில் ‘எஸ். குமார்’, ஆதாரில் ‘குமார் செல்வராஜ்’, பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முன்னால் ஏறி ‘செல்வராஜ் குமார்’. மூன்றும் ஒரே ஆள். அதே நேரம் செல்வராஜ் மகன் குமார் என்று ஒரே தாலுகாவில் பத்துப் பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் மேல் இருக்கும் செக் மோசடி வழக்கு, இன்னொருவரின் அறிக்கையில் சிவப்பு நிறத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? வேலை கைவிட்டுப் போகும், காரணமும் சொல்ல மாட்டார்கள். பிறந்த தேதி, தந்தை பெயர், முகவரி மூன்றும் பொருந்தாமல் ஒருவர் மேல் வழக்கை ஏற்றக் கூடாது. அறிக்கையை விண்ணப்பதாரரிடம் காட்டி, ‘இது நீங்கள்தானா’ என்று கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. அமெரிக்காவில் இப்படி முன்கூட்டியே நகல் கொடுப்பது சட்டக் கட்டாயம். நம் நிறுவனங்கள் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காகச் சோதனையைப் பின்பற்றுகின்றன, அதோடு வரும் இந்த உரிமையை விட்டுவிடுகின்றன.

விடுதலையானவரின் பெயர் இணையத்தில் நிற்பதும் தீராத தொல்லை. ஒரு வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருந்து தன் பெயரை மறைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் நின்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சிறார்களுக்கு மட்டும் சட்டம் தெளிவாக இருக்கிறது. இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015, முடிந்துபோன வழக்கில் சிறாரின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது. பெரியவர்களுக்கு இப்படிப் பொதுவான சட்டம் இங்கே இல்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் டேவா பேஜர் மில்வாக்கி நகரில் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். ஒரே தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையருக்கு 17 சதவீத இடங்களில் அழைப்பு வந்தது. எந்தக் குற்றமும் இல்லாத கறுப்பருக்கு 14 சதவீதம்தான். குற்றப் பதிவும் இருந்த கறுப்பருக்கு 5 சதவீதம். பின்னணி என்ற சொல்லுக்குள் வேறு கணக்குகளும் ஓடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நமக்கு இதை அமெரிக்கா சொல்லித் தர வேண்டியதும் இல்லை. பிறந்த சாதியையே குற்றப் பின்னணியாக எழுதி, ஆண்களை ராத்திரியில் ஸ்டேஷனில் கைரேகை வைத்துப் படுக்கச் சொன்ன ரேகைச் சட்டம் இந்த மண்ணில் இருந்தது. அதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. பதிவேடு என்றதும் நடுங்கும் குடும்பங்களின் பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

சட்டத்தில் ஒரு ஓட்டை

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்கான விதிகள் 2020 மார்ச் 9 அன்று அறிவிக்கப்பட்டன. குழந்தைகள் தங்கும் அல்லது குழந்தைகளோடு தொடர்ந்து புழங்கும் எந்த நிறுவனமும், பள்ளியோ, காப்பகமோ, விளையாட்டுப் பயிற்சிக் கூடமோ, தன் ஊழியர் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்கிறது மூன்றாம் விதி. ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் எல்லாரும் இதில் அடக்கம். நல்ல விதி. ஆனால் அது பேசுவது ஊழியர்களைப் பற்றி. ஒரு வாரம் முகாம் நடத்த வருபவர், சனிக்கிழமை சிலம்பம் கற்றுத்தர வருபவர், பிறந்தநாளுக்குக் காப்பகத்தில் சாப்பாடு போட வந்து பிள்ளைகளோடு செல்ஃபி எடுப்பவர், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருபவர் யாரையும் அந்த வரி பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பர்கூரில் வந்தவர் நுழைந்தது இந்த இடைவெளி வழியாகத்தான்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு 2005-ன் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டம் இருக்கிறது. காவலாளியாக வைப்பவரின் நடத்தையையும் முன்வரலாற்றையும் சரிபார்த்த பிறகே முகமை வேலைக்கு எடுக்க வேண்டும். 2018 ஜூலையில் சென்னையில் ஒரு குடியிருப்பில் செவித்திறன் குறைந்த சிறுமி மாதக்கணக்கில் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், காவலாளி, லிஃப்ட் இயக்குபவர், பிளம்பர் என்று அங்கே அன்றாடம் புழங்கிய 17 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. இன்று உங்கள் குடியிருப்பில் வாசலில் நிற்கும் அண்ணனின் சரிபார்ப்புக் கடிதத்தை முகமையிடம் சங்கம் என்றாவது கேட்டு வாங்கியிருக்கிறதா? முகமையை மாற்றும்போது மாதச் செலவு குறையுமா என்று பேசிய அளவு இதைப் பேசியிருக்க மாட்டீர்கள்.

பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அது போலீஸ் போன்ற சட்ட அமலாக்க அமைப்புகளுக்கு மட்டுமே திறக்கும். பள்ளியோ பெற்றோரோ பார்க்க முடியாது. அதை ஊருக்கெல்லாம் திறந்துவிடச் சொல்ல மாட்டேன். பெயர்க் குழப்பத்தில் ஒரு அப்பாவியைத் தெருவில் அடித்துக் கொல்ல இங்கே பத்து நிமிடம் போதும். ஆனால் பள்ளி எழுதிக் கேட்டால், இன்னார் குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியானவரா என்பதற்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரே வார்த்தையில் போலீஸ் பதில் சொல்ல ஒரு வழி வேண்டும். காரணத்தை ஊர் அறிய வேண்டியதில்லை. மறுக்கப்பட்டவருக்கு மட்டும் சொல்லி, அவர் மேல்முறையீடு செய்ய இடம் கொடுத்தால் போதும்.

அரசிடம் கேட்க வேண்டியது இரண்டு. போக்சோ விதியில் ‘ஊழியர்’ என்பதோடு தன்னார்வலர், வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர், முகாம் நடத்துபவர் அனைவரையும் சேருங்கள், அவர்களுக்கான போலீஸ் சரிபார்ப்பை இலவசமாக்குங்கள். அடுத்து, குழந்தைகளோடும் ஆயுதத்தோடும் தொடர்பில்லாத வேலைகளில், தண்டனையில் முடியாத எஃப்.ஐ.ஆரை வைத்து ஒருவரை நிராகரிப்பதை நிறுத்துங்கள். இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்று 2022-ம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கை சொல்கிறது. வழக்கில் பெயர் வருவதும் உள்ளே போவதும் இந்த நாட்டில் குற்றவாளி என்பதற்கு அடையாளமே இல்லை.

பெற்றோராக, சங்கத்து ஆளாக, காப்பகத்துக்கு நன்கொடை தருபவராக இருக்கும் வாசகர்களே, சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். போன வருடம் வெளியிலிருந்து வந்து பிள்ளைகளோடு இருந்தவர்கள் யார் யார், அவர்களை அனுப்பியது எந்த அமைப்பு, அந்த அமைப்பிடம் யார் பேசி உறுதி செய்தார்கள், பிள்ளைகளோடு அவர் தனியாக விடப்பட்டாரா? சந்தேகப்படுகிறீர்களா என்று முகம் சுளிப்பார்கள். ஆமாம் என்று சொல்லுங்கள். வாய்ப்பேச்சாகப் பதில் வந்தால் எழுத்தில் கேளுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். புகாரை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்குப் போக்சோ சட்டத்தின் 21-ம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. அதைப் பள்ளி நிர்வாகத்துக்கு நினைவுபடுத்தும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.